முழங்காலுக்கு அடியில் இருந்த லைஃப் ஜாக்கெட்: ஒரு கேனோ கவிழ்ந்த நிகழ்வின் ஆய்வு

இது நான் முன்னின்று அழைத்துப் போன ஒரு துடுப்புப் படகுப் பயணத்தில் நடந்தது. யாரும் சாகவில்லை, ஆனால் ஒருவர் செத்துப் பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கூட வந்தவர்களிலேயே நன்றாக நீந்தத் தெரிந்தவர் அவர்தான். அவரைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது, நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த அவருடைய அக்கா மகள் போட்டிருந்த ஜாக்கெட்.

மற்ற மூவரும் படித்துப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர், ஊர், ஏரி எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். நேரங்களை என் போனில் இருந்த அழைப்புப் பதிவிலிருந்து முன்னும் பின்னும் கணக்குப் போட்டும், மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டும் எடுத்தேன். ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்.

## யார், என்ன படகு, என்ன தண்ணீர்

மொத்தம் 4 பேர், 3 படகுகள். திறந்த கேனோவில் முன்னால் 22 வயதுப் பெண், பின்னால் அவருடைய தாய்மாமா, வயது 41. மாமா வாரத்தில் 5 நாள் நீச்சல் குளத்தில் 1 கிலோமீட்டர் நீந்துபவர், ஒல்லியான, முறுக்கேறிய உடம்பு. இன்னொரு நண்பர் தனியாக ஒரு கயாக்கில், அதாவது மேல்பக்கம் மூடிய ஒடுங்கிய துடுப்புப் படகில், நான் மற்றொரு கயாக்கில். எனக்கு 12 வருடத் துடுப்பு அனுபவம் உண்டு. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் செய்த தவறுகளைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒன்று என்று ஜாக்கெட் குறைவில்லாமல் இருந்தது. எல்லாமே நுரை வைத்த, 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட துடுப்பு ஜாக்கெட்டுகள். யாரும் மது அருந்தவில்லை. வானிலை முன்னறிவிப்பில் காலை அமைதி, 11 மணிக்கு மேல் காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வரை என்று இருந்தது. ஏரிக்கு மலையிலிருந்து பனி உருகிய நீர் வருகிறது. காலை 7 மணிக்குக் கரையில் நின்று தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 11 டிகிரி செல்சியஸ். வெளியே வெயில் ஏற ஏற 24 டிகிரி வந்துவிட்டது. இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றுகிறது, ஏனென்றால் நாம் வெயிலுக்கு ஏற்ற மாதிரி உடுத்துகிறோம், விழுவதோ தண்ணீரில்.

## இடைவேளையில் கழற்றிய ஜாக்கெட்

காலையில் கிளம்பும்போது நால்வரும் ஜாக்கெட் போட்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு நானே வார்களை இழுத்து மாட்டிவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் முகவாய் வரை ஏறினால் தளர்வு என்று அர்த்தம், ஏறவில்லை. "மூச்சு முட்டுதே அண்ணா" என்றார். "பழகிடும், கொஞ்ச நேரம் பொறுத்துக்க" என்றேன். மற்ற இருவருக்கும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. பெரியவர்களை அப்படித் தொட்டுத் தூக்கிப் பார்க்க ஒரு கூச்சம், அவ்வளவுதான் காரணம்.

கரையை ஒட்டியே போய், 10 மணிக்கு ஒரு மணல்திட்டில் இறங்கி அரை மணி நேரம் ஓய்வெடுத்தோம். எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டோம். கிளம்பும்போது மூன்று பேர் திரும்பப் போட்டுக்கொண்டோம். மாமா தன்னுடையதைக் கொக்கி மாட்டி, இரண்டாக மடித்து, கேனோவின் அடியில் வைத்து அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டார். கேனோவில் மண்டியிட்டு நெடுநேரம் துடுப்புப் போட்டால் முழங்கால் விண் விண்ணென்று வலிக்கும், அதற்கு மெத்தை.

நான் பார்த்தேன். "ஜாக்கெட்டைப் போட்டுக்கோங்க அண்ணா" என்று சொல்லவும் செய்தேன். "வேர்த்துக் கொட்டுது, இன்னும் இருபது நிமிஷத்துல கரைக்குப் போயிடுவோம், பக்கத்துலதானே இருக்கு, வேணும்னா எடுத்துப் போட்டுக்கிறேன்" என்றார். நான் "சரி" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு "சரி"தான் இந்த ஆய்வின் மையம். அவர் என்னைவிட மூத்தவர், நன்றாக நீந்துபவர், தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது, இரண்டாம் முறை சொன்னால் முகம் சுளிப்பாரோ என்று நினைத்தேன்.

அடுத்த முடிவும் என்னுடையதே. வந்த வழியே கரையோரமாகத் திரும்பாமல், நேரம் ஆகிவிட்டது என்று ஒரு வளைகுடாவைக் குறுக்காகக் கடக்கலாம் என்றேன். அகலம் சுமார் 800 மீட்டர். காற்று வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு.

## கவிழ்ந்தது

பாதி வழியில் காற்று இடப்பக்கமிருந்து வந்தது. அலை பெரிதில்லை, முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் படகின் விலாவில் வந்து அடித்தது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், எனக்கும் கேனோவுக்கும் 150 மீட்டர் இடைவெளி விழுந்திருந்தது. அது அதிகம், ரொம்பவே அதிகம்.

11:04க்கு மாமாவின் தொப்பி காற்றில் பறந்து படகுக்கு வெளியே ஒரு முழ தூரத்தில் விழுந்தது. அவர் எட்டி அதைப் பிடிக்கப் போனார். அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஓர் அலை தூக்கியது. பெண் பின்னால் திரும்பிப் பார்ப்பதற்குள் இருவரும் தண்ணீரில். புயலோ பாறையோ சுழலோ எதுவுமில்லை, ஒரு தொப்பி. பொழுதுபோக்குப் படகில் போகிறவர்களின் விபத்துகளை விசாரித்தால் பல இப்படித்தான் இருக்கும்: எழுந்து நின்றார், எட்டி எடுத்தார், இடம் மாறி உட்காரப் போனார்.

## தண்ணீரில் முதல் 3 நிமிடம்

இதை இருவர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

விழுந்ததும் இருவருக்கும் ஒரே மாதிரிதான் ஆகியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் மார்பில் பட்டதும் உடம்பு தானாக ஒரு பெரிய மூச்சை இழுக்கும், நாம் இழுப்பதில்லை, அடக்கவும் முடியாது. அந்தப் பெண் மூச்சை இழுத்தபோது அவர் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தது, ஜாக்கெட் அதற்குள் அவரைத் தூக்கிவிட்டிருந்தது. மாமா இழுத்தபோது தலை தண்ணீருக்குள் இருந்தது. "நான் மூச்சை இழுக்கவே இல்லை, அதுவா இழுத்துச்சு, காத்துக்குப் பதிலா தண்ணி போச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். மேலே வந்ததும் புரை ஏறி இருமல், இருமலுக்கு நடுவே நாய் இளைப்பது போல மூச்சு. குளத்தில் 1 கிலோமீட்டர் நீந்துகிறவருக்கு ஒரு கையைக்கூட ஒழுங்காக வீச முடியவில்லை. நீச்சல் என்பது மூச்சும் கையும் சேர்ந்து போவது, மூச்சு கையை விட்டுப் போய்விட்டால் அங்கே நீச்சல் இல்லை.

ஜாக்கெட் எங்கே? கேனோ கவிழ்ந்ததும் அதுவும் மிதந்தது, அவருக்கு இரண்டு கை தூரத்தில். எடுக்கப் போனார். நுரை ஜாக்கெட் ஆள் இல்லாமல் இருந்தால் தண்ணீரில் அமிழாது, தக்கை மாதிரி மேலே நிற்கும், காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும். இவர் ஒரு வீச்சுப் போனால் அது இரண்டு வீச்சுப் போனது. நாலைந்து முறை முயன்று விட்டுவிட்டார். தண்ணீர் நிறைந்த கேனோவும் அதே திசையில் விலகிப் போனது.

பெண் மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். மாமா பயத்தில் இவரை இறுக்கிக் கட்டிக்கொள்ள, இருவருக்கும் மூக்கு வரை தண்ணீர் வந்துவிட்டது. பெண் அவர் கையைத் தட்டிவிட்டு, மல்லாந்து படுத்து, "மாமா, மேல ஏறாதீங்க, என் தோள் பட்டையை மட்டும் பிடிங்க, மல்லாந்து படுங்க" என்று கத்தியிருக்கிறார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரும் இல்ல, ஏறினா ரெண்டு பேரும் போயிடுவோம்னு தெரிஞ்சுது" என்றார். மாமா பட்டையைப் பிடித்தார். ஜாக்கெட் ஏறாமல், கழன்று போகாமல் அந்தப் பாரத்தையும் தாங்கியது. காலையில் மூச்சு முட்டுகிறது என்று அவர் சொன்ன அதே இறுக்கம்.

அப்புறம் விசில் ஊதினார். இந்த மாதிரி ஜாக்கெட்டுகள் பலவற்றில் ஒரு விசில் தொங்கும், பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மாமா கத்த முயன்றிருக்கிறார், குரலே வரவில்லையாம். மூழ்கிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் கத்த மாட்டார், கையை ஆட்ட மாட்டார், மூச்சுக்கே அவருக்கு நேரமில்லை. எனக்கு முதுகுப்பக்கம் நடந்தது இது, அதுவும் காற்றடிக்கும்போது. விசில் இல்லையென்றால் நான் எப்போது திரும்பிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான் வந்து சேர 11:07. அதற்குள் 3 நிமிடம் போய்விட்டது. மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது, கண் என்மேல் நின்றாலும் என்னைப் பார்க்கவில்லை.

முதலில் அவரை என் கயாக்கின் பின்தளத்தில் கவிழ்ந்து ஏறச் சொன்னேன். கையை வைத்தார், விரல் மடங்கவில்லை. இரண்டு முறை வழுக்கி விழுந்தார். அப்போதுதான் இது நம்மால் மட்டும் முடிகிற காரியமில்லை என்று புரிந்தது. போன் என் ஜாக்கெட் பையில், தண்ணீர் புகாத உறைக்குள், கயிற்றில் கட்டி இருந்தது. 11:09க்கு அவசர உதவியை அழைத்தேன். போன் படகுப் பெட்டிக்குள் இருந்திருந்தால் எடுத்திருக்கவே முடியாது, உடம்போடு இருப்பதுதான் அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கிறது.

இதற்குள் நண்பர் வந்தார், அவசரத்தில் பக்கவாட்டில் அலையை வாங்கி அவரும் கவிழ்ந்தார். அவர் ஜாக்கெட் போட்டிருந்தார், ஆனால் பக்க வார்களைத் தளர்வாக விட்டிருந்தார். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போனது, உடம்பு கீழே போனது, கழுத்துப் பகுதி வாயை மறைத்துக் காதுவரை ஏறிவிட்டது. ஒரு கையால் ஜாக்கெட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் தன் கயாக்கைப் பிடித்தார். அதாவது அவருக்கு ஒரு கைதான் மிச்சம். ஆனாலும் வாய் மேலே இருந்தது, பேசினார், "எனக்கு ஒண்ணுமில்ல, அவரைப் பாரு" என்றார்.

இங்கே ஒரு கடினமான முடிவு. மூன்று பேர் தண்ணீரில், ஓடுகிற படகு ஒன்று. நண்பரை விட்டுவிட்டு மாமாவையும் பெண்ணையும் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். நண்பர் மிதக்கிறார், மூச்சு ஒழுங்காக விடுகிறார், பிடிமானம் இருக்கிறது, காற்று எங்களையும் அவரையும் ஒரே பக்கம்தான் தள்ளும். மாமாவுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் இன்றும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்தத் தளர்ந்த ஜாக்கெட்டாவது அவர் மேல் இருந்ததால்தான் அப்படி ஒரு முடிவை எடுக்கவே முடிந்தது. இருவர் ஜாக்கெட் இல்லாமல் இருந்திருந்தால் யாரை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும்.

பெண் தண்ணீரில் மிதந்தபடியே மாமாவின் இடுப்பைப் பின்னாலிருந்து தள்ள, நான் அவர் பெல்ட்டைப் பிடித்து இழுக்க, மூன்றாம் முயற்சியில் மார்பு வரை பின்தளத்தில் ஏறினார். அப்போது 11:12 இருக்கும். பெண்ணைக் கயாக்கின் பக்கக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். கிளம்பின கரைக்கு 400 மீட்டர், காற்றோடு போனால் வலப்பக்கக் கரைக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். நம் பொருள்களும் வண்டியும் கிளம்பின கரையில் இருந்தாலும், காற்றோடு போவது என்று திருப்பினேன். கேனோவையும் துடுப்புகளையும் மறந்துவிட்டோம். பொருளைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டவர்கள் உண்டு.

11:22க்கு மீட்பு மோட்டார் படகு வந்தது. கரைக்கு அப்போதும் 150 மீட்டர் பாக்கி. மாமாவைத் தூக்கும்போது நிற்க வைக்காமல் படுக்கை வாட்டிலேயே ஏற்றினார்கள். குளிர்ந்த நீரில் கிடந்தவரைச் சட்டென்று நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம், இதயமே தடுமாறலாம் என்று பின்னால் விளக்கினார்கள். எனக்கு அது தெரியாது, நானாக இருந்தால் எழுப்பி உட்கார வைத்திருப்பேன். அடுத்து நண்பரை எடுத்தார்கள்.

## பிறகு

பெண்ணும் நண்பரும் நடுக்கத்தோடு வந்தார்கள், உலர்ந்த துணி, போர்வை, சூடு, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மாமா கரைக்கு வந்ததும் "நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குப் போகலாம்" என்றார். மீட்புக் குழுவினர் ஒப்புக்கொள்ளவில்லை, அது அவர் உயிரை இரண்டாம் முறை காப்பாற்றியது என்று நினைக்கிறேன். மூச்சில் தண்ணீர் போனவருக்கு நுரையீரல் கொஞ்ச நேரம் கழித்து மோசமாகலாம். சாயங்காலம் அவருக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டது, 3 இரவு மருத்துவமனையில் இருந்தார். நான்காம் நாள் வெளியே வந்தார். இருமல் பல வாரம் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, அவருடைய யோசனைதான், நாங்கள் மூவரும் வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். மிதக்கும் ஜாக்கெட்டைத் தண்ணீருக்குள்ளேயே எடுத்துப் போடுவது. அலை இல்லை, குளிர் இல்லை, பயம் இல்லை. ஒரு கையை நுழைத்தால் ஜாக்கெட் புரண்டு முகத்தில் வந்து முட்டுகிறது, அடுத்த கையை நுழைக்கக் குனிந்தால் தலை உள்ளே போகிறது, ஜிப்பின் முனையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், இரண்டு கையையும் அதற்குக் கொடுத்தால் நம்மை மிதக்க வைக்கக் கை இல்லை. மாமா கடைசியில் போட்டுவிட்டார், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. "வேணும்னா எடுத்துப் போட்டுக்கிறேன்னு சொன்னேன்ல" என்றார், அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

## ஏன் இப்படி ஆனது

குளிர்ந்த நீரில் விழுந்தவர் உடம்பு சில்லிட்டு, மெதுவாகச் சாவார் என்றுதான் பலர் நினைக்கிறோம். அது வருவதற்கு நேரமாகும். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1, 10, 1 என்று எளிதாகச் சொல்லித் தருகிறார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர, அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், நினைவு தப்ப 1 மணி நேரம் ஆகலாம். இது மிகக் குளிர்ந்த நீருக்கான கணக்கு. ஜாக்கெட் இல்லாதவர் பெரும்பாலும் இந்த மூன்றில் முதல் கட்டத்திலேயே, தப்பினால் இரண்டாம் கட்டத்திலேயே மூழ்கிவிடுகிறார், குளிர் அவரைக் கொல்ல வாய்ப்பே கிடைப்பதில்லை. பிரிட்டன் பேராசிரியர் மைக் டிப்டன் இந்த முதல் அதிர்ச்சியைப் பல வருடம் ஆராய்ந்தவர். இதற்குப் பனிக்கட்டித் தண்ணீர் தேவையில்லை, 10 முதல் 15 டிகிரியிலேயே அது முழு வேகத்தில் வந்துவிடும் என்பது அந்த ஆராய்ச்சிகள் காட்டியது. எங்கள் ஏரி 11 டிகிரி. அந்த எண்ணைக் காலையில் நானே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன், எழுதியதோடு சரி.

வெதுவெதுப்பான நீரில் இந்தப் பயம் இல்லையே என்று கேட்கலாம். மூச்சு அதிர்ச்சி குறையும், உண்மைதான். ஆனால் கவிழும்போது படகின் விளிம்பு தலையில் அடிக்கலாம், கயிறு காலில் சிக்கலாம், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளலாம், கரை நாம் நினைத்ததைவிடத் தூரமாக இருக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை வருடாவருடம் பொழுதுபோக்குப் படகு விபத்துகளைத் தொகுக்கிறது. 2022இல் 636 பேர் இறந்தார்கள், காரணம் தெரிந்த சாவுகளில் 75 சதவீதம் மூழ்கியதால், அப்படி மூழ்கியவர்களில் ஜாக்கெட் விவரம் தெரிந்தவர்களை எடுத்தால் 85 சதவீதம் பேர் அதைப் போட்டிருக்கவில்லை. அடுத்த வருடமும் இந்தச் சதவீதங்கள் ஏறக்குறைய இதேதான். இதில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு, படகிலேயே ஜாக்கெட் வைத்திருந்தவர்களும் உண்டு.

நீச்சல் தெரிந்தவருக்கு எதற்கு என்ற கேள்விக்கு மாமாவின் உடம்பே பதில். மனித உடம்பு தண்ணீரில் கிட்டத்தட்ட எடையற்றது, தலையை மட்டும் வெளியே தூக்கி வைக்க ஒரு பெரியவருக்குச் சில கிலோ மிதப்பு போதும். 50 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 5 கிலோ. ஒருவருக்கு அது தாராளம். இருவருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டரை, அதனால்தான் அவர் கட்டிப்பிடித்தபோது இருவருக்கும் மூக்கு வரை வந்தது, மல்லாந்து படுத்தபோது தாங்கியது. கொழுப்பு குறைந்த, தசை இறுகிய உடம்பு மற்றவர்களைவிட எளிதாக அமிழும், நல்ல நீச்சல்காரர் பலருக்கு அந்த உடம்புதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 50 நியூட்டன் ஜாக்கெட் நினைவோடு இருக்கிற, நீந்தத் தெரிந்த, உதவி பக்கத்தில் இருக்கிறவருக்கானது. நினைவு தப்பியவரை முகம் மேலே வருமாறு அது திருப்பிப் போடாது. அதற்கு 100 அல்லது 150 நியூட்டன் வேண்டும், கழுத்துக்குப் பின்னால் தாங்கல் உள்ளது. கனத்த உடையோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு 275. ஐஎஸ்ஓ 12402 என்ற தர வரிசை இப்படித்தான் பிரிக்கிறது, எண் ஜாக்கெட்டின் உள்பக்கமே எழுதியிருக்கும். அந்தப் பெண் மயங்கியிருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இது புதிதாகத் தெரிந்துகொண்ட விஷயமும் இல்லை. 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பி ஊரில் புயலில் மீட்கப் போன உயிர்காப்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர் மட்டும் புதிதாக வந்த தக்கை ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். கடலிலேயே வாழ்ந்தவர்கள் அவர்கள், நீரைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள்.

## எங்களிடம் மாறியவை

தண்ணீரில் படகு இருக்கும்வரை ஜாக்கெட் உடம்பில் இருக்கும். கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கழற்றி வைக்கலாம், ஆனால் காலை எடுத்துப் படகில் வைக்கும் முன் எல்லோருடைய கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும். முன்பு கிளம்பும்போது மட்டும் பார்ப்பேன், இப்போது ஒவ்வோர் இடைவேளைக்குப் பிறகும் பார்க்கிறேன். நழுவுவது அங்கேதான்.

தோள்பட்டையைத் தூக்கிப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும், வயது பார்க்காமல். கூச்சத்தைத் தவிர்க்க முதலில் என்னைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன், அதற்கப்புறம் யாரும் மறுப்பதில்லை. குழந்தைகளுக்குக் கால் இடுக்கு வழியாகப் போகும் வாரும் கட்டாயம், "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிய ஜாக்கெட்டை ஏற்றுக்கொள்வதில்லை.

வேர்க்கிறது, உராய்கிறது என்ற குறையை முன்பு சாக்கு என்று தள்ளிவிடுவேன். அது தவறு. மாமாவுக்கு உண்மையிலேயே வேர்த்தது, உண்மையிலேயே முழங்கால் வலித்தது. இப்போது முழங்காலுக்குத் தனியாக நுரை மெத்தை எடுத்துப் போகிறோம். கை அசைவுக்கு இடம் விட்டு, முதுகில் உயரமாகத் தைத்த துடுப்பு ஜாக்கெட்டுகள் இருக்கின்றன, வேர்த்தால் ஜாக்கெட்டோடு ஒரு முக்கு முக்கி எழலாம். தானாக ஊதிக்கொள்ளும் ரகம் மெல்லியது, வெயிலுக்கு வசதி, ஆனால் அதன் வாயுக் குப்பி இறுக்கமாக இருக்கிறதா, பயன்படுத்தியதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், அடிக்கடி நனைகிற கயாக்குக்கு அது ஒத்துவராது. எல்லாவற்றையும் பேசி, ஆளுக்கு ஏற்றதைத் தேடிக் கொடுத்தால் போட்டுக்கொள்கிறார்கள்.

முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் இடையே, விசில் இல்லாமலே குரல் கேட்கும் தூரம்தான். காற்று வரும் என்று தெரிந்தால் குறுக்கே கடப்பதில்லை, நேரமானால் ஆகட்டும்.

மாமாவின் மஞ்சள் ஜாக்கெட் 6 நாள் கழித்து வலப்பக்கக் கரையின் நாணலில் கிடைத்தது. மீட்புக் குழுவினர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மூன்று கொக்கிகளும் மாட்டியபடியே இருந்தன, அவர் முழங்காலுக்கு மடித்து வைத்தபோது மாட்டியது. அதாவது அன்று எட்டிப் பிடித்திருந்தாலும், மடங்காத விரலால் முதலில் அந்தக் கொக்கிகளைக் கழற்றியிருக்க வேண்டும். இதை அவரிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு பயணத்தில், நல்ல அனுபவசாலி ஒருவர் ஜாக்கெட் போட மாட்டேன் என்றார். இரண்டு முறை எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை, அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.